லா என்ஃபோர்ஸ்மென்ட்டுக்குத் தமிழ் என்ன? (ஞாயிறு வகுப்புக்கு அவசரம். தில்லித் தமிழ்க் குழு; பெயருக்குப் பதில் அவரவர் குடியிருக்கும் பகுதி)

மயூர் விஹார்:
எல்லோருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு தமிழ் வகுப்பில் போலீஸ் வந்த கதை சொல்லப்போகிறேன். ஏதென்ஸில் அரசே விலைக்கு வாங்கி வைத்திருந்த சித்திய (கருங்கடலுக்கு வடக்கே வாழ்ந்த இனம்) வில்லாளிகள், ரோமில் தீயணைக்கவும் இரவு ரோந்துக்கும் கி.பி. 6இல் அகஸ்டஸ் அமைத்த விஜிலெஸ், அப்புறம் 1829இல் லண்டன் போலீஸ். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு தலைப்பு வேண்டும். போன வாரம் 'சட்ட அமலாக்கம்' என்றேன். "ஈ.டி. (அமலாக்கத்துறை) ரெய்டா மிஸ்?" என்றான் ஒரு பையன். 'காவல்துறை' என்றும் போட முடியாது. ஏதென்ஸில் துறை ஏது?

ஆர்.கே.புரம்:
அம்மா, 'அமல்' அரபி, போகட்டும் விடுங்கள். சோழர் கல்வெட்டிலேயே 'பாடிகாவல்' இருக்கிறதே! ஊர்க்காவலுக்கு வாங்கிய வரிக்கும் அதே பெயர். பாடி என்றால் ஊர். போலீஸுக்கு மூலமான கிரேக்க 'போலிஸ்' என்பதும் ஊர்தான். அதுவும் வடமொழிப் 'புர'மும் ஒரே வேர் என்பார்கள் மொழிநூலார். ஆக, நான் குடியிருக்கும் ஆர்.கே.புரத்துக்குள்ளேயே போலீஸ் இருக்கிறது! சாந்தினி சௌக் கோட்வாலியை (பழைய காவல் நிலையம்) எடுத்துக்கொண்டால், அந்தக் 'கோட்' நம் கோட்டையேதான் என்று நான் எப்போதோ எழுதினேன்...

கரோல் பாக்:
ஐயா, கோட்டையிலிருந்து கொஞ்சம் இறங்கி வாருங்கள். 'பாடிகாவல்' என்றால் தில்லிப் பிள்ளைகள் பாடிகார்டு என்றுதான் நினைப்பார்கள். மதுரைக்காஞ்சியில் 'ஊர்காப்பாளர்' இருக்கிறார்கள். நள்ளிரவு மழையில் தெருவெல்லாம் நீர் ஓடினாலும் சோராமல் சுற்றி வந்தவர்கள். 'நூல்வழிப் பிழையா' (நூல் சொன்ன நெறி தவறாதவர்கள்) என்று புலவர் சான்றிதழே கொடுக்கிறார். 'ஊர்காப்பு' போதாதா?

முனிர்க்கா:
அண்ணா, சிலப்பதிகாரத்தில் அதே ஊர்காப்பாளரைக் கூவித்தான் பாண்டியன் கோவலனைக் கொல்லச் சொன்னான். விசாரணை இல்லை, சாட்சி இல்லை. அங்கே நிறைவேறியது அரசன் வாய்ச்சொல், சட்டம் இல்லை. நமக்கு வேண்டிய சொல்லில் அந்த வேறுபாடு தெரிய வேண்டும். 'சட்டக்காவல்' எப்படி?

மயூர் விஹார்:
தம்பி, நல்ல வாதம். ஆனால் நீதிமன்றக் காவல், போலீஸ் காவல் என்று நாளிதழ்கள் பழக்கிவிட்டன. 'சட்டக்காவல்' என்றால் யாரையோ உள்ளே வைத்துவிட்டார்கள் என்றே படும். இன்னொரு சிக்கல். இங்கிலாந்தில் 1285 வின்செஸ்டர் சட்டப்படி, கூக்குரல் கேட்டால் ஊராரே திருடனைத் துரத்த வேண்டும். அங்கே காவலர் யார், ஊரார் யார்?

ஆர்.கே.புரம்:
'முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்' என்கிறது குறள். முறை என்றால் நீதி. 'முறைகாவல்' என்போம். சட்டமும் வந்தது, காவலும் வந்தது. அரபியும் இல்லை, கிரேக்கமும் இல்லை.

கரோல் பாக்:
அழகான சொல்தான் ஐயா. ஆனால் எங்கள் குடியிருப்பு வாட்ச்மேன்கள் ஷிப்ட் மாறுவது போலவே காதில் விழுகிறது. முறை வைத்துக் காவல்!

முனிர்க்கா:
பேசாமல் 'போலீஸ்' என்றே போடுங்கள் அக்கா. 'கான்ஸ்டபிள்' கூட லத்தீனில் குதிரைலாய அதிகாரிதான். யாரும் அதற்காக லாயத்தைத் தேடவில்லை.

மயூர் விஹார்:
சனி இரவு ஒன்பதரை. ஜெராக்ஸ் கடை மூடப்போகிறார்கள். 'காவல் பணி' என்று போட்டுவிட்டேன். 'அமலாக்கம்' கேள்வித்தாளில் மட்டும் வரும். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நன்றி.

ஆர்.கே.புரம்:
எனக்கு உடன்பாடில்லை. முறைகாவல்தான் சரி. போட்டதுதான் போட்டீர்கள், 'காவற்பணி' என்றாவது சேர்த்து எழுதியிருக்கலாம். லகரம் றகரமாகும்.