ஒரே பெயர், வேறு ஆள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

அடிவாரத்துக்காரன்:
விடுதிக்கு மனு கொடுக்கும் வரிசை. எனக்கு முன்னால் நாகலூர்ப் பக்கத்து அப்பா ஒருவர், கூட அவர் பெண். சான்றிதழில் 'மலையாளி' என்று பார்த்ததும் எழுத்தர், "கேரளாவா? அப்புறம் இங்கே எப்படிக் கேக்கறீங்க?" என்றார். இந்த மலையாளிகள் சேர்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் பழங்குடியினர், வீட்டிலும் காட்டிலும் பேசுவது தமிழ், காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்றுதான் அவர்களுடைய பெரியவர்கள் கதை சொல்வார்கள். அந்த அப்பா அதையெல்லாம் சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "கேரளா எந்தப் பக்கம்னே தெரியாதுங்க சார்" என்றார். பெண் தலை நிமிரவே இல்லை. நான் வாய் திறந்திருக்கலாம். இன்னும் உறுத்துகிறது.

செவ்வாய்ப்பேட்டை:
எனக்கு நடந்தது இவ்வளவு கனமானது இல்லை. ஏற்காட்டில் எஸ்டேட் வேலை செய்யும் அக்கா, "வேலியோரம் செண்பகம் நிக்குது பாருங்க" என்றார். நான் பூவைத் தேடி அண்ணாந்து நிற்கிறேன், கீழே காப்பிச் செடி நடுவே கறுப்பு உடம்பும் செம்பழுப்பு இறக்கையுமாக ஒன்று நடந்து வந்து, ரத்தச் சிவப்புக் கண்ணால் என்னைப் பார்க்கிறது. நாங்கள் செம்போத்து என்போமே, அதேதான்! என் பாட்டி பெயர் செண்பகம். பூவின் பெயர் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். கேட்கப் பாட்டி இல்லை.

கல்வராயன் நண்பன்:
செண்பகம் என்றதும் சொல்லிவிடுகிறேன், இளைப்புக்கு மருந்து என்று அதைப் பிடித்துச் சமைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், 1972 சட்டப்படி அது குற்றம். முதலில் எழுதியவரோடு எனக்கு உடன்பாடில்லை. எழுத்தரை மட்டும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? கல்வராயன் மலையில் கருமந்துறை மலையாளியான என் நண்பனுக்குச் சென்னையில் ஒருவர் மலையாளத்திலேயே ஓணம் வாழ்த்துச் சொன்னார், அவனும் நன்றி சொல்லிவிட்டு வந்தான். பழங்குடிப் பட்டியலில் 'மலையாளி' என்ற பெயருக்குப் பக்கத்திலேயே சேலம், தருமபுரி என்று மாவட்டங்களும் இருக்கின்றன. அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சான்றிதழுக்கு வட்டாட்சியரிடம் அலைய வேண்டாம், பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர்தான் தருவார். எந்தப் படிவத்திலும் வெறும் 'மலையாளி' என்று எழுதாமல் 'மலையாளி, பழங்குடி' என்றே எழுதட்டும். பிள்ளைகளுக்கும் இப்போதே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அடிவாரத்துக்காரன்:
கோட்டாட்சியர் கையெழுத்துப் போட்ட சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்த எழுத்தர் கேட்டார்.