பிளேனர் வேலைக்குப் புளூடூத் உள்ள காது மூடி: எதைப் பார்த்து வாங்குவது?

சம்மாந்துறை கதவுப் பட்டறை (கேட்டவர்)

எல்லோருக்கும் ஸலாமும் வணக்கமும். சம்மாந்துறையில் கதவு, ஜன்னல் நிலை செய்யும் சின்னப் பட்டறை என்னுடையது. மரம் சீவும் 12 அங்குலப் பிளேனர், மேசை வாள், மரத்தைக் குடையும் ரவுட்டர், கிரைண்டர் இருக்கின்றன. நானும் ஒரு பொடியனும்தான் வேலை. நாளைக்கு மூன்று, நாலு மணித்தியாலம் மெஷின் ஓடும்.

இவ்வளவு நாளும் சாதாரண புளூடூத் இயர்பட்ஸ் போட்டுத்தான் வேலை செய்தேன். வாடிக்கையாளர் அழைப்பு, வானொலிச் செய்தி, பாங்கு நேரத்துக்குப் போனில் வரும் அறிவிப்பு எல்லாம் அதில்தான் கேட்பேன். பிளேனர் ஓடத் தொடங்கினால் ஒன்றும் கேட்காது, சத்தத்தை முழுதாகக் கூட்டிவிடுவேன்.

போன கிழமை பழைய வீடொன்றில் கழற்றிய வளை மரத்தைப் பிளேனரில் விட்டுக்கொண்டிருந்தேன். மரத்தில் ஆணி இருப்பதைப் பொடியன் கண்டு பின்னால் நின்று கத்தியிருக்கிறான். எனக்குக் கேட்கவே இல்லை. அலகுகளில் பல் விழுந்துவிட்டது. அலகைத் தீட்டலாம். ஆனால் அன்று இரவு படுத்த பிறகு இரண்டு காதுக்குள்ளும் சில்வண்டு கத்துவது போல் ஒரு சத்தம், விடியும்வரை நிற்கவில்லை. அதுதான் பயம் பிடித்துவிட்டது.

புளூடூத்தும் வேண்டும், காதும் தப்ப வேண்டும். 20,000 ரூபாய் வரை போகலாம். நான் கண்ணாடி போடுகிறவன். எதைப் பார்த்து வாங்குவது?

கல்லடித் தச்சன்

தம்பி, முதலில் அந்த இயர்பட்ஸை இன்றைக்கே பட்டறையிலிருந்து வெளியே எடுங்கள். மெஷின் சத்தம் ஒரு பக்கம், அதை மிஞ்சப் போன் சத்தம் இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே காதுக்குள்தான் போகிறது.

என் பட்டறையில் ஐபோனில் நியோஷ் அமைப்பின் இலவசச் சத்தமானிச் செயலியைப் போட்டு, காதுக்குப் பக்கத்தில் பிடித்து அளந்தேன். பிளேனர் 98 டெசிபல் காட்டியது. நியோஷ் என்பது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம். அவர்கள் கணக்குப்படி 85 டெசிபல் என்றால் 8 மணித்தியாலம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணித்தியாலம், 91க்கு 2, 94க்கு 1, 97க்கு அரை மணித்தியாலம். 98 என்றால் 25 நிமிடம்கூட இல்லை. நீங்கள் மூன்று மணித்தியாலம் நிற்கிறீர்கள்.

வாங்கும்போது பெட்டியில் என்ஆர்ஆர் என்று ஒரு எண் இருக்கும், சத்தத்தை எத்தனை டெசிபல் குறைக்கும் என்பதற்கான எண் அது. அந்த எண்ணை அப்படியே கழித்துவிடாதீர்கள். அது ஆய்வுகூடத்தில் சரியாகப் போட்டுப் பார்த்த எண். வேலைத்தளத்துக்கு அதில் 7ஐக் கழித்து, மிச்சத்தைப் பாதியாக்குவார்கள். த்ரீஎம் வொர்க்டியூன்ஸ் கனெக்ட் காது மூடியில் 24 என்று போட்டிருக்கும். 24இல் 7 போனால் 17, பாதி 8.5. உங்கள் பிளேனரும் 98 என்று வைத்தால் காதுக்குள் 89.5 வரும். மூன்று மணித்தியாலத்துக்கு அதுவும் கொஞ்சம் போதாது. ஐரோப்பியப் பெட்டிகளில் எஸ்என்ஆர் என்று இருக்கும். அது வேறு அளவை, எண் கூடத்தான் தெரியும். இரண்டையும் ஒன்றாக வைத்து ஒப்பிட வேண்டாம்.

கல்முனையிலிருந்து ஒருவர்

சத்தத்தை அழிக்கும் நொய்ஸ் கான்சலிங் ஹெட்போன் நல்லதே? விமானத்தில் போட்டுப் பார்த்தேன், எஞ்சின் சத்தமே இல்லை.

கல்லடித் தச்சன்

விமானத்துக்கு அது நல்லது. அந்த மின்னணு வேலை தாழ்ந்த சுருதியில் தொடர்ந்து வரும் இரைச்சலைத்தான் நன்றாக அழிக்கும். வாளும் ரவுட்டரும் போடும் கீச்சுச் சத்தம் உயர்ந்த சுருதி. அதைத் தடுப்பது காதைச் சுற்றியுள்ள மெத்தையும் அதன் இறுக்கமும்தான். பாட்டுக் கேட்கச் செய்த ஹெட்போன் பெட்டியில் என்ஆர்ஆர் எண்ணே இருக்காது. எண் இல்லாததைப் பட்டறைக்கு வாங்க வேண்டாம்.

இன்னொன்று பாருங்கள். வேலைத்தளத்துக்கென்று செய்த புளூடூத் மூடிகளில் உள்ளே வரும் பாட்டுச் சத்தம் 82 அல்லது 85 டெசிபலுக்கு மேல் ஏறாதபடி கட்டுப்பாடு இருக்கும். அது கட்டாயம் வேண்டும். ஐசோடியூன்ஸ் ப்ரோ மாதிரிக் காதுக்குள் செருகும் வகையும் இருக்கிறது, என்ஆர்ஆர் 27. கண்ணாடிக்கு அதுதான் தோது. ஆனால் கழுத்தோடு வயர் வரும். அதைச் சட்டைக்குள் விடாமல் ரவுட்டருக்குக் கிட்டப் போகவே கூடாது.

நான் பழகிய கணக்கு ஒன்று சொல்கிறேன். மூடியைப் போட்ட பிறகும் பாட்டைக் கூட்ட வேண்டி வந்தால், மூடி சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். சத்தத்தைக் கூட்டாதீர்கள், மூடியைச் சரிசெய்யுங்கள்.

வாழைச்சேனை, மரமில்லில் 31 வருசம்

மனே, நான் மில்லில் வாள் இழுத்தவன். அந்தக் காலத்தில் காதுக்குப் பஞ்சு வைத்தால் பெரிய காரியம். இப்ப பேத்தி "சீனி போடவா" என்று கேட்டால் எனக்கு "ஈ" மட்டும்தான் விழுகுது. சகாரம், ககாரம் எல்லாம் போய்விட்டது. காது மூக்கு தொண்டை டொக்டர் சொன்னார், உயர்ந்த சத்தம் பிடிக்கிற நுண்மயிர் அணுக்கள்தான் முதலில் சாகுமாம், செத்தால் திரும்ப முளைக்காதாம். சின்ன வயதில் கல்லடிப் பாலத்துக்குக் கீழே தோணியில் போய்த் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்துப் பாடுமீன் கேட்ட காது இது.

சில்வண்டு கத்தினது ஒரு இரவோடு நின்றாலும் நீ விடாதே. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை கிளினிக்கில் காதைச் சோதித்துப் பார். போவதற்கு முன் 14 மணித்தியாலமாவது மெஷின் பக்கம் போகாமல் இரு, அப்பதான் சோதனை சரியாக வரும். அந்தப் பொடியனுக்கும் ஒன்று வாங்கிக் கொடு.

சம்மாந்துறை கதவுப் பட்டறை (கேட்டவர்)

இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன். காதைச் சுற்றி மூடும் புளூடூத் வகையே வாங்கினேன், என்ஆர்ஆர் 24. போட்ட முதல் நாளே வித்தியாசம் தெரிகிறது, இரவில் சில்வண்டு இல்லை. கிளினிக்குக்கும் திகதி எடுத்துவிட்டேன்.

ஆனால் இரண்டு பிரச்சினை. பிளேனரைப் போட்டால் வானொலி விட்டுவிட்டுக் கேட்கிறது. அப்புறம், இரண்டு மணித்தியாலத்தில் காதடியில் வலிக்கிறது, சத்தமும் உள்ளே கசிகிறது.

கல்லடித் தச்சன்

போன் எந்தப் பொக்கெட்டில்? மெஷினை நிறுத்திவிட்டு, அப்படியே நின்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அப்பவும் விட்டுவிட்டு வருகிறதா?

சம்மாந்துறை கதவுப் பட்டறை (கேட்டவர்)

காற்சட்டைப் பின் பொக்கெட். ஓம், மெஷின் ஓடாமலே, பலகையை எடுக்கக் குனிந்து திரும்பினாலும் அறுகிறது.

கல்லடித் தச்சன்

அப்படியென்றால் பிளேனரில் குற்றம் இல்லை. புளூடூத் அலையை உடம்பு விழுங்கிவிடும், நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே. பிளேனரில் வேலை செய்யும்போது குனிகிறீர்கள், போன் உடம்புக்கு மறுபக்கம் போய்விடுகிறது. சட்டை மார்புப் பொக்கெட்டுக்கு மாற்றுங்கள்.

கசிவுக்குக் காரணம் கண்ணாடிக் காம்பு. மெத்தைக்கும் தலைக்கும் நடுவில் காம்பு போனால் அங்கே ஒரு இடைவெளி வரும், சத்தம் அதற்குள்ளால் வரும். வலியும் அதே காம்பு அழுத்துவதால்தான். தடித்த காம்புக்குப் பதில் மெல்லிய, நேரான கம்பிக் காம்பு உள்ள கண்ணாடி ஒன்று பட்டறைக்கென்று வையுங்கள். போட்ட பிறகு காதைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள், முடி உள்ளே மாட்டியிருந்தால் இழுத்துவிடுங்கள்.

பிளேனர் மட்டும் நீண்ட நேரம் ஓடும் நாளில் காதுக்குள் நுரைப்பஞ்சு (ஃபோம்) அடைப்பானும் வையுங்கள், மேலே மூடியையும் போடுங்கள். இரண்டையும் சேர்த்தால் எண்கள் அப்படியே கூடாது, கூடின எண் உள்ளதன் கணக்கில் 5 டெசிபல்தான் கூடும். அடைப்பானின் என்ஆர்ஆர் 33 என்றால், 7ஐக் கழித்துப் பாதியாக்கினால் 13, அதோடு 5, மொத்தம் 18. அப்போது 98 என்பது 80 ஆகிவிடும். பாட்டு அவ்வளவாகக் கேட்காது, அந்த ஒரு மணித்தியாலம் பாட்டில்லாமல் இருக்கலாம். அடைப்பானை உருட்டுமுன் கையைக் கழுவுங்கள். மரத்தூளோடு உருட்டி வைத்து எனக்கு ஒரு மாதம் காது அரித்து, மருந்து விட வேண்டியதாகிவிட்டது. நம் ஊர் வெக்கையில் வியர்வையும் சேர்ந்தால் சொல்லத் தேவையில்லை.

கல்முனையிலிருந்து ஒருவர்

பொடியன் கூப்பிட்டால்? மூடியைப் போட்ட பிறகு இன்னும் கேட்காதே.

கல்லடித் தச்சன்

அதுதான் நல்ல கேள்வி. வெளிச் சத்தத்தை மைக்கால் எடுத்துத் தாழ்த்தித் தரும் மூடிகள் இருக்கின்றன, விலை கூட. தோளைத் தட்டச் சொல்லவே வேண்டாம், பிளேனரில் கை வைத்திருப்பவன் திடுக்கிட்டால் விரல் போகும். என் பட்டறையில் பிளேனருக்கு நேரே சுவரில் ஒரு சிவப்பு பல்ப், அதன் சுவிட்ச் மற்றவர் நிற்கும் பக்கம். பல்ப் எரிந்தால் நான் தள்ளுவதை விட்டுவிட்டு மெஷினை நிறுத்துவேன்.

சம்மாந்துறை கதவுப் பட்டறை (கேட்டவர்)

போனை மார்புக்கு மாற்றினேன், ஒரு இடத்திலும் அறவில்லை. கம்பிக் காம்புக் கண்ணாடி போட்டபின் வானொலியைப் பாதியாகக் குறைத்தும் விளங்குகிறது. பொடியனுக்குப் புளூடூத் இல்லாத மூடி ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நேற்றுச் சிவப்பு பல்பும் பூட்டினோம். இன்று காலை முதிரைப் பலகை விட்டுக்கொண்டிருக்கும்போது அது எரிந்தது, நிறுத்திவிட்டுப் பார்த்தேன். பலகையின் அடியில், முடிச்சுக்குப் பக்கத்தில், தலை முறிந்த ஆணி ஒன்றைப் பொடியன் விரலால் காட்டிக்கொண்டு நின்றான்.