நானோ யூரியா அடிச்சவருக்கு நோய் வந்தா யார் பொறுப்பு?

பிசானக்காரன், சேரன்மகாதேவி:
யூரியா மூட்டை கேட்டா கூடவே அரை லிட்டர் நானோ யூரியா பாட்டிலையும் தலையில கட்டுதாங்க; யூரியாவை நுண்துகளாக்கி, இலையில தெளிக்கிற திரவ உரம் அது. வாங்கி, கூலிக்கு ஆள் விட்டு நெல்லுக்கு அடிச்சாச்சு. அடிச்ச பையன் மூக்குல ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. 20 முதல் 50 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர்னா மில்லிமீட்டர்ல பத்து லட்சத்துல ஒரு பங்கு) துகளைத் துண்டு தடுக்குமா? நாளைக்கு அவனுக்கு நுரையீரல்ல ஏதாச்சும் வந்தா யாரைப் போய்க் கேக்க?

வேளாண் பட்டதாரி, தென்காசி:
அண்ணாச்சி, பயமுறுத்தாதீங்க. 2021 பிப்ரவரியில உரக் கட்டுப்பாட்டு ஆணையில சேத்த பெறகுதான் இது விற்பனைக்கே வந்துச்சு. நானோ வேளாண் பொருளை எப்படிச் சோதிக்கணும்னு மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2020-லயே நெறிமுறை போட்டிருக்கு. யூரியா தண்ணியில கரையும், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) மாதிரி நுரையீரல்ல தங்காது. லிட்டருக்கு 2 முதல் 4 மில்லி கலந்து அடிக்கையில வாறது நீர்த்துளி, தூசி இல்ல. மூட்டை மூட்டையா வீசுத யூரியா வடிஞ்சு தாமிரபரணியில சேருதே, அதுக்கு யார் பொறுப்பு?

வக்கீல், பாளையங்கோட்டை:
ஆத்துக் கணக்கு நியாயம்தான் தம்பி. ஆனா அண்ணாச்சி கேட்டதுக்கு அது பதில் இல்ல. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, பொருளால வாற தீங்குக்குத் தயாரிப்பாளர் பொறுப்புன்னு தனி அத்தியாயமே இருக்கு. விவசாயியும் நுகர்வோர்தான்னு 2012-ல ஒரு விதை வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. அதோட நிக்காம 87-ஆம் பிரிவையும் படிங்க. வேலையிடத்துக்குன்னு ஒரு முதலாளி பொருளை வாங்கி, அவருக்குத் தயாரிப்பாளர் எச்சரிக்கை கொடுத்திருந்தா, எச்சரிக்கை போதலைன்னு தயாரிப்பாளரைப் பிடிக்க முடியாது. கூலி கொடுத்து ஆள் விட்ட அண்ணாச்சியைத்தான் முதலாளின்னு காட்டுவாங்க!

வேளாண் பட்டதாரி, தென்காசி:
அது எச்சரிக்கை வழக்குக்கு மட்டுந்தானே? பொருள்லயே குறைன்னா 84-ஆம் பிரிவு இருக்கே.

வக்கீல், பாளையங்கோட்டை:
இருக்கு. குறையை நிரூபிக்கப்போறது யாரு? காலி பாட்டில் வாய்க்காலோட போயாச்சு. புகார் கொடுக்க 2 வருஷம்தான் கெடு, நோய் அதுக்குள்ள தலைகாட்டணும்னு இல்ல. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடலாம், அதுக்கு நுகர்வோர் ஆணையம் மனசு வைக்கணும். 1996-ல வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் வழக்குல, தீங்கு இல்லன்னு நிரூபிக்கிற சுமை தொழில் நடத்துறவர் மேலன்னு உச்ச நீதிமன்றம் எழுதினது நம்ம மாநிலத்துக் கதை. நானோவுக்கும் அதுதான் வேணும். லாபம் பாக்கிறவர் நிரூபிக்கட்டும், கூலிக்காரரை ஏன் நிரூபிக்கச் சொல்லணும்?

வேளாண் பட்டதாரி, தென்காசி:
அப்படிச் சுமத்தினா புதுசா எவனும் கண்டுபிடிக்க மாட்டான்.

வக்கீல், பாளையங்கோட்டை:
ஐரோப்பாவுல 2020 ஜனவரியில இருந்து ரசாயனப் பதிவுல நானோ வடிவத்துக்குத் தனித் தகவல் கொடுக்கணும். உணவுல வெள்ளை நிறத்துக்குச் சேக்கிற டைட்டானியம் டை ஆக்சைடை, மரபணுவைப் பாதிக்காதுன்னு உறுதியாச் சொல்ல முடியலைங்கிறதுக்கே 2022-ல தடை பண்ணினாங்க. அங்க ஆராய்ச்சி நின்னாபோச்சு?

வேளாண் பட்டதாரி, தென்காசி:
தனிப் பதிவு வரட்டும், ஒத்துக்கிடுதேன். கரையுற யூரியாவையும் கரையாத டைட்டானியத்தையும் ஒரே தராசுல வைக்கிறதை மட்டும் ஒத்துக்க முடியாது.

பிசானக்காரன், சேரன்மகாதேவி:
பாட்டில்ல எச்சரிக்கை இருக்கு. கண்ணாடி போட்டும் எனக்கு எழுத்து பிடிபடல, அந்தப் பையனுக்கு யார் படிச்சுச் சொல்ல? வக்கீலய்யா, இப்ப நான் என்ன செய்யணும்?

வக்கீல், பாளையங்கோட்டை:
பில் இல்லாம வாங்காதீங்க. பாட்டிலைத் தூக்கிப் போடாதீங்க, தொகுதி எண் (பேட்ச் நம்பர்) தெரியுத மாதிரி படம் எடுத்து வைங்க. அடிச்சவர் பேரு, தேதி ரெண்டையும் நோட்டுல எழுதுங்க. கையுறையும் முகக்கவசமும் நீங்களே வாங்கிக் கொடுங்க, இப்போதைக்குச் சட்டம் முதல்ல உங்களைத்தான் கேக்கும்.