கெர்னலில் நினைவகம் வாங்கும்போதே அனுமதியையும் சொல்லணுமா? உங்க அனுபவத்தைப் பகிருங்க

தோட்டத்துப்பையன் (சுங்கை சிப்புட்)

இங்கே டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில், தோட்டத்துப் பிள்ளைகள் சிலரோடு எம்ஐடி பல்கலைக்கழகம் பாடத்துக்காக எழுதிய எக்ஸ்வி6 இயங்குதளத்தின் கெர்னலை, அதாவது அதன் மையப் பகுதியை, பிரித்துப் படிக்கிறோம். போன வாரம் ஒரு பையன், ஓடும்போதே கட்டளைகளை உருவாக்கி நினைவகத்தின் ஒரு பக்கத்தில் (4096 பைட் துண்டு) எழுதி, அங்கேயே தாவப் பார்த்தான். தாவியதும் கெர்னல் படுத்துவிட்டது. பிழையின் காரணத்தைச் சிப்பு குறித்து வைக்கும் எஸ்-காஸ் பதிவேட்டில் 12. அதாவது, இந்தப் பக்கத்திலிருந்து கட்டளை எடுக்க உனக்கு அனுமதி இல்லை.

காரணம் எளிது. எக்ஸ்வி6இல் நினைவகம் ஒதுக்கும் கே-அலாக் 4096 பைட் பக்கம் ஒன்றைத் தரும், அனுமதியைப் பற்றி அது கேட்பதே இல்லை. கெர்னலின் சொந்தக் கட்டளைகள் இருக்கும் பகுதிக்குப் படிக்கலாம், ஓட்டலாம் என்றும், மீதி ரேம் முழுவதற்கும் படிக்கலாம், எழுதலாம் என்றும் பூட் ஆகும்போதே தீர்மானித்துவிடுகிறார்கள். பையன் என்ன செய்தான் தெரியுமா? அந்த மீதி ரேம் முழுவதற்கும் ‘ஓட்டலாம்’ என்ற அனுமதி பிட்டையும் சேர்த்துவிட்டான். வேலை செய்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள், எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. எழுதவும் முடிகிற, ஓட்டவும் முடிகிற பக்கம் இருந்தால், எவனாவது ஒரு பஃபரை (தரவு வைக்கும் இடத்தை) நிரம்பி வழியவிட்டாலே போதும், கெர்னல் அவன் கைக்குப் போய்விடும். ஓபன்பிஎஸ்டி இயங்குதளம் 2003இலேயே இந்த இரண்டும் ஒரே பக்கத்தில் சேரக்கூடாது என்று விதி வைத்துவிட்டது.

பிறகு ஒழுங்காகச் செய்தோம். முதலில் எழுதும் அனுமதியோடு பக்கம் வாங்குவது, எழுதி முடித்ததும் ‘சீல்’ வைத்து எழுதும் பிட்டை எடுத்து ஓட்டும் பிட்டைப் போடுவது. இதுவரை எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருப்பதுதான். வேடிக்கை திருப்பிக் கொடுக்கும்போது வந்தது. பக்கத்தைத் திரும்ப வாங்கும் கே-ஃப்ரீ, வந்த பக்கத்தை முதலில் 1 என்ற பைட்டால் நிரப்பும். அடுத்த காலிப் பக்கத்தின் முகவரியையும் அதே பக்கத்தில்தான் எழுதி வைக்கும். நாங்கள் சீல் வைத்த பக்கத்தில் எழுத முடியாதே! எஸ்-காஸ் 15 (எழுத அனுமதி இல்லை), மறுபடி படுத்தது. அனுமதியை மாற்றிக் கொடுக்கிற இடைமுகம், அதைப் பழையபடி ஆக்கிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்கிற பொறுப்பையும் ஏற்கணும். அழைப்பவனிடம் விட்டால் அவன் மறப்பான்.

நீங்கள் எப்படி வடிவமைத்தீர்கள்?

*

டிரைவர்காரன் (பாயான் லெப்பாஸ்)

தம்பி, நீங்கள் எக்ஸ்வி6இல் பட்டதை லினக்ஸ்காரர்கள் பல வருஷமாகப் பட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் லினக்ஸின் அதிகாரபூர்வ மூலநிரலுக்கு வெளியே ஒரு டிரைவர் (ஒரு கருவியை இயக்கும் நிரல்) வைத்திருந்தோம். 2020இல் லினக்ஸ் 5.8 வந்தபோது கம்பைல் ஆகவில்லை. ஓட்டும் அனுமதியோடு நினைவகம் தருகிற விஎம்-அலாக்-எக்ஸெக்கை எடுத்துவிட்டார்கள். பொதுவாக நினைவகம் தரும் விஎம்-அலாக்கின் உள் வடிவத்துக்கு நாம் கொடுத்த அனுமதி அளவுருவும் போய்விட்டது. ஆபீசில் ஒரே முணுமுணுப்பு. எனக்கு அது சரியென்றுதான் பட்டது. டிரைவர் எழுதுகிற எல்லாரிடமும் அனுமதி பிட்டுகளைக் கொடுத்தால், ஒருவராவது எல்லாவற்றையும் போட்டுவிடுவார், உங்கள் பையன் மாதிரியே.

அதைவிடப் பெரிய தலைவலி வேறு. லினக்ஸில் ஒரே பக்கத்துக்கு இரண்டு முகவரி இருக்கும்: விஎம்-அலாக் பகுதியில் ஒன்று, ரேம் மொத்தத்தையும் நேராகக் காட்டும் வரைபடத்தில் இன்னொன்று. அப்பா கிராணியாக இருந்த தோட்டத்தில் உர ஸ்டோருக்கு முன்கதவில் பெரிய பூட்டு, பின்கதவில் வெறும் கொண்டி. அதே கதைதான். ஒரு முகவரியில் எழுத முடியாது என்று மாற்றினாலும் மற்றதில் எழுதலாம். அதையும் பூட்டப் போனால் வேறு செலவு: நேர் வரைபடம் 2 எம்பி, 1 ஜிபி பெரிய பக்கங்களால் ஆனது, ஒரே ஒரு 4 கேபி பக்கத்தின் அனுமதியை மாற்ற அதை உடைக்கணும். உடைத்தால், முகவரி மாற்றங்களை நினைவில் வைக்கும் டிஎல்பி என்ற சிறு சேமிப்பில் நெருக்கடி. அதோடு ஒவ்வொரு மாற்றத்துக்கும் சிப்பின் எல்லா கோர்களுக்கும் (செயலி அலகுகளுக்கும்) செய்தி அனுப்பி அவற்றின் டிஎல்பியைத் துடைக்கணும்.

திருப்பிக் கொடுக்கும் சிக்கலுக்கு 2019இல் 5.2இல் ஒரு கொடி (ஆன்-ஆஃப் குறி) சேர்த்தார்கள். நினைவகத்தை விடுவிக்கும்போது அனுமதியைப் பழையபடி ஆக்கி, டிஎல்பியையும் துடைத்துவிட்டுத்தான் பக்கங்கள் காலிப் பட்டியலுக்குப் போகும். நீங்கள் கே-ஃப்ரீயில் கண்டது இதுதான்.

எனக்குப் பிடித்த வடிவம் 2024இல் 6.10இல் வந்த எக்ஸெக்மெம். அங்கே ‘என்ன அனுமதி வேண்டும்’ என்று சொல்வதில்லை, ‘எதற்கு’ என்று சொல்கிறோம்: மாட்யூல் (ஓடும் கெர்னலில் ஏற்றும் துண்டு) கட்டளையா, மாட்யூல் தரவா, கெர்னலைக் கண்காணிக்கும் கேபுரோபா, எஃப்டிரேஸா, கெர்னலுக்குள் ஓடும் சிறு நிரல்களுக்கான பிபிஎஃபா. எந்த முகவரி எல்லை, எந்த அனுமதி என்பதை அந்தந்தச் சிப்பு வகைக்கான குறியீடு முடிவு செய்யும். அதற்காக எல்லாம் முடிந்துவிட்டது என்றில்லை. எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி) சிப்புகளுக்கு, முதலிலிருந்தே எழுத முடியாத பெரிய பக்கங்களில் கட்டளைகளைச் சேர்த்து வைக்கும் ஏற்பாட்டை 6.13இல் கொண்டுவந்து, வெளியீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அணைத்துவிட்டார்கள்.

*

பேரா_தங்கச்சி

அண்ணே, ஒன்று விட்டுட்டீங்க. அனுமதி மாற்றும் அழைப்பே தோற்கலாம். பெரிய பக்கத்தை உடைக்கப் புதுப் பக்க அட்டவணை வேண்டும், அதற்கு நினைவகம் இல்லையென்றால்? பிபிஎஃப் நிரல் அந்தத் திரும்பும் மதிப்பைப் பார்க்காமலேயே ரொம்ப நாள் ஓடியது, 2024இல்தான் சரி செய்தார்கள். சீல் வைத்தாச்சு என்று நினைத்துக்கொண்டு எழுதக்கூடிய பக்கத்தையே ஓட்டுவதைவிட, மாட்யூல் ஏறாமல் போவதே மேல். பிள்ளைகளின் ‘சீல்’ வெறுமனே திரும்பி வருதா, பிழை எண் கொடுக்குதா?

*

தோட்டத்துப்பையன் (சுங்கை சிப்புட்)

வெறுமனேதான் வந்தது தங்கச்சி, இப்போது மாற்றியாச்சு. அண்ணன் சொன்ன ‘எதற்கு’ என்ற வடிவத்தையும் எடுத்துக்கொண்டோம்: தரவு, கட்டளை, இரண்டே வகை. பிட்டுகளை அழைப்பவர் பார்க்கவே முடியாது.

மிச்சம் இருப்பது மற்ற கோர்கள். எஸ்ஃபென்ஸ் கட்டளை, தான் ஓடுகிற கோரின் டிஎல்பியை மட்டும்தான் துடைக்கும். எக்ஸ்வி6 வழக்கமாக 3 கோர்களில் ஓடுகிறது, கெர்னல் பக்க அட்டவணையோ எல்லாருக்கும் பொது. கெர்னலுக்கு அடியில் ஓடும் ஓபன்எஸ்பிஐ மென்பொருள் இல்லாமல் பூட் ஆவதால், மற்ற கோர்களைத் தட்டி எழுப்பவும் ஆள் இல்லை. யாராவது இதற்கு ஒரு வழி எழுதியிருந்தால் போடுங்கள், அடுத்த ஞாயிறு பிள்ளைகளோடு ஓட்டிப் பார்க்கிறேன்.