சாணக் கலனுக்கு நொதி போடலாமா, மெம்பிரேன் வைக்கலாமா?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. பண்ணைச் சாணத்தை வைத்து எரிவாயுக் கலன் ஓட்டுகிறோம். வாயுவுக்குக் குறையில்லை. ஆனால் வெளியே வரும் ஸ்லரியில் (செரித்து முடிந்த சாணக் கரைசலில்) நார் அப்படியே மிதக்கிறது, அம்மோனியா நெடி வேறு மூக்கைத் துளைக்கிறது. நாரை உடைக்கும் செல்லுலேஸ் நொதி கலந்தால் வாயு கூடும் என்கிறார் ஒருவர், ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ் (ஆர்.ஓ.) மெம்பிரேன், அதாவது அழுத்தத்தில் தண்ணீரை மட்டும் விடும் சவ்வு வைத்தால் தண்ணீரைத் திரும்ப எடுக்கலாம் என்கிறார் இன்னொருவர். எதை முதலில் செய்வது?

பதில் 1:
நொதியை நேரே கலனுக்குள் ஊற்றாதீர்கள். செல்லுலேஸ் பெரும்பாலும் டிரைக்கோடெர்மா பூஞ்சையிலிருந்து எடுப்பது. அது நன்றாக வேலை செய்ய ஏறக்குறைய 50 டிகிரி சூடும், பிஎச் (புளிப்பின் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5-ஐ ஒட்டிய புளிப்பும் வேண்டும். சாணக் கலனிலோ வழக்கமாக 35 முதல் 40 டிகிரி, பிஎச் 7-க்கு மேல். போதாக்குறைக்கு நொதியும் ஒரு புரதம்தானே, கலனில் உள்ள நுண்ணுயிர்கள் அதையும் சேர்த்துச் செரித்துவிடும். மாட்டின் வயிற்றுக்கே மசியாமல் வந்த நார் அது, செடிக்கு விறைப்பைத் தரும் லிக்னின் போர்த்திக் கிடக்கிறது. வைக்கோலில் எத்தனால் எடுக்கிற ஆலைகளில் நொதி பலன் தருகிறதென்றால், முதலில் நீராவியிலோ அமிலத்திலோ வேகவைத்து நாரைத் தளர்த்திவிட்டு, தனித் தொட்டியில் சூடும் பிஎச்சும் பார்த்துத்தான் சேர்க்கிறார்கள். உங்களுக்கு, கலனில் சாணம் தங்கும் நாட்களைக் கூட்டுவதே மேல்.

பதில் 2:
ஆர்.ஓ. விஷயத்துக்கு வருகிறேன். ஸ்லரியை நேரே அதில் விட்டால் மெம்பிரேன் அடைத்துப் போகும். முதலில் திருகு அழுத்தியில் நாரைப் பிழிந்து, அப்புறம் அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் (நுண்துளைச் சவ்வில் வடிகட்டல்), அதற்குப் பிறகுதான் ஆர்.ஓ. அம்மோனியா வாயு ஆர்.ஓ. சவ்வையும் தாண்டிவிடும் என்பதால் அமிலம் சேர்த்து அதை நீரில் கரைந்தே நிற்கும் அம்மோனியமாக மாற்றிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். இவ்வளவும் செய்தபின் மிஞ்சும் அடர்கரைசலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்ற கேள்வி வேறு. சிறிய பண்ணைக்கு இது வேண்டவே வேண்டாம்.

நெடிதான் தொல்லை என்றால் வாயு மட்டும் கடக்கும் மெம்பிரேன் குழாயைப் பாருங்கள். பிடிஎஃப்இ (டெஃப்லான்) என்ற பிளாஸ்டிக்கில் செய்தது, தண்ணீர் ஒட்டாது. குழாய்க்குள்ளே நீர்த்த கந்தக அமிலம் ஓடும், வெளியே ஸ்லரி. அம்மோனியா வாயு மட்டும் உள்ளே நுழைந்து அம்மோனியம் சல்பேட்டாகிவிடும், அதாவது கையில் உரம். அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் பன்றிக் கழிவில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: 25 டிகிரியில் பிஎச் 8 என்றால் அம்மோனியாவில் ஏறக்குறைய 5 சதவீதம்தான் வாயு வடிவில் இருக்கும், 9.25 வந்தால் பாதிக்குப் பாதி. மூடிய தொட்டியில் மெல்லக் காற்றடித்தால் கரியமில வாயு வெளியேறி பிஎச் தானாக ஏறும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. வாயுவைச் சுத்தம் செய்து வண்டிக்குப் போட இதே மாதிரி மெம்பிரேன் உண்டா?

பதில் 3:
உண்டு, ஆனால் அது வேறு வகை. பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக்கில் செய்த நுண்குழல்கள். அழுத்தம் கொடுத்தால் கரியமில வாயு சுவரைத் தாண்டிப் போகும், மீத்தேன் பெரும்பாலும் உள்ளேயே நிற்கும். 60 சதவீத மீத்தேனை 95-க்கு மேல் கொண்டுபோகலாம். ஹைட்ரஜன் சல்பைடையும் ஈரத்தையும் முன்கூட்டியே எடுத்தாக வேண்டும். தப்பிப்போகும் மீத்தேனையும் சும்மா விடாதீர்கள், நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல 25 மடங்குக்கும் மேல் சூடேற்றுகிறது. அடுப்புக்கும் ஜெனரேட்டருக்கும் மட்டும் என்றால் சல்பைடை நீக்கினாலே போதும், இரும்புத் துருத் தூள் நிரப்பிய வடிகட்டி அந்த வேலையைச் செய்துவிடும்.