வாப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு: பதிவு முதலிலா, காப்பீடு முதலிலா?

கீழக்கரையான்
அனைவருக்கும் வணக்கம். வாப்பா 1971-இல் புதிதாக வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் எங்கள் வீட்டு ஷெட்டில் நிற்கிறது. பதிவு 2014-இல் காலாவதியாகிவிட்டது. வாப்பா போன வருடம் மவுத்தாகிவிட்டார்கள். நான் துபாயிலிருந்து திரும்பியதும் நான்கு மூலையிலும் கட்டைகளை முட்டுக் கொடுத்து, டயர்களை மணலிலிருந்து தூக்கிவிட்டேன். என்ஜின் ஓடுகிறது.

சிக்கல் இதுதான். காப்பீடு கேட்டால் நடப்பில் உள்ள ஆர்.சி. (பதிவுச் சான்று) கேட்கிறார்கள். ஆர்.சி. புதுப்பிக்கப் போனால் காப்பீடு எங்கே என்கிறார்கள். இணையதளத்தில் எம்.டி. என்று தொடங்கும் எங்கள் எண்ணைப் போட்டால் அப்படி ஒரு வண்டியே இல்லை என்று வருகிறது. பெருநாளன்று ஏர்வாடி வரை ஒரு நடை, கல்யாணத்துக்கு ஒரு நடை, அவ்வளவுதான் ஓட்டப்போகிறேன். மிகப் பழைய வண்டிகளுக்கென்று உள்ள விண்டேஜ் பதிவு எடுத்தால் வேலை முடிந்துவிடுமா?

உச்சிப்புளி பட்டறை
தம்பி, வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ், அதாவது உடலைத் தாங்கும் இரும்புச் சட்டம். மேலே பளபளவென்று இருக்கும், கீழே சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் அவுட்ரிக்கர் கைகளை நம் ஊர் உப்புக்காற்று தின்றிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், உள்ளே இறங்கினால் வெல்டிங் வேலை இருக்கிறது. சேஸிஸ் எண்ணை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, தாள் வைத்துப் பென்சில் அச்சு எடுங்கள். எமரி தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். எண் மழுங்கிவிட்டால் ஆய்வாளர் திருப்பி அனுப்பிவிடுவார்.

பழைய கோப்புக்காரர்
வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களுக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்களுக்கு இருப்பது ஒரு சிக்கல் அல்ல, மூன்று.

முதலாவது, பழைய எண் கணினியில் ஏறவில்லை. அசல் ஆர்.சி. புத்தகத்துடன் போய், பழைய பதிவேட்டைப் பார்த்து அரசின் வண்டிப் பதிவுத் தளமான வாகனில் ஏற்றித் தரும்படி மனுக் கொடுங்கள். இது நடக்காமல் எந்தக் காப்பீட்டுக்காரரும் அசைய மாட்டார். இரண்டாவது, வண்டி இன்னும் உங்கள் தகப்பனார் பெயரில் இருக்கிறது. இறந்த 30 நாட்களுக்குள் தகவல், மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31, இதுதான் விதி. தாமதமாகிவிட்டது, பரவாயில்லை. வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் வைத்துக் கொடுங்கள். அக்கா, தங்கை இருந்தால் அவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். பலருக்கு இங்கேதான் ஆறு மாதம் போகிறது.

மூன்றாவது, விண்டேஜ். 2021 ஜூலையில் வந்த திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, அசல் வடிவிலேயே உள்ள வண்டிக்கு அது கிடைக்கும். படிவம் 20-இல் விண்ணப்பம். முதல் தடவை 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், பிறகு மறுபதிவுக்கு 5,000. பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டிகளுக்குத்தான் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஆனால் கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். ஏர்வாடி நடையும் கல்யாண நடையும் அதில் இல்லை.

ஆகவே உங்களுக்குப் படிவம் 25-இல் சாதாரணப் புதுப்பித்தலே பொருத்தம். ஐந்தாண்டு கிடைக்கும். 2025 ஆகஸ்டு முதல் 20 ஆண்டு தாண்டிய காருக்கு 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். அதற்குமேல் தாமதத்துக்கு மாதம் 500 என்று கணக்குப் போடுவார்கள். முழுத்தொகை எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.

தொண்டி முகவர்
காப்பீட்டுப் பக்கத்துக்கு நான் வருகிறேன். கைப்பேசியில் எடுக்க முயலாதீர்கள், 1971 என்ற வருடத்தைப் பார்த்தாலே பெரும்பாலான தளங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஏதாவது ஒரு நிறுவனத்தின் கிளைக்கு நேரில் போய், மூன்றாம் நபர் காப்பீடு (நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கானது) மட்டும் கேளுங்கள். ஹெரால்டு 948 சி.சி. 1000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு 2022-இல் அறிவித்த கட்டணம் 2,094 ரூபாய், வரி தனி. விண்டேஜ் என்று பதிவானால் அதில் பாதிதான்.

ஷெட்டில் நிற்கும் வண்டிக்குத் தீ, திருட்டு மட்டும் எடுத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். மதுரையில் அது சரியாக இருக்கலாம், கீழக்கரையில் சரிவராது. நமக்குப் பயம் ஐப்பசி, கார்த்திகைப் புயல். புயலும் வெள்ளமும் முழுக் காப்பீட்டில்தான் வரும். ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு மதிப்பை நீங்களும் நிறுவனமும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். மதிப்பீட்டாளர் அறிக்கையும் புகைப்படங்களும் இல்லாமல் பேசப் போனால் பழைய இரும்பு விலை சொல்வார்கள். துருவுக்கு யாரும் பணம் தர மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். காப்பீடு கைக்கு வரும்வரை தெருமுனை வரைகூட வண்டியை எடுக்காதீர்கள். பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், சிறைத் தண்டனையும் விதிக்கலாம். யார்மீதாவது இடித்துவிட்டால் இழப்பீடு உங்கள் கையிலிருந்துதான் போகும்.

கீழக்கரையான்
அண்ணன்மார்களுக்கு நன்றி. விண்டேஜ் எண்ணத்தை விட்டுவிட்டேன். பட்டறை அண்ணன் சொன்னபடி முன்பக்கம் முழுவதையும் கவிழ்த்துத் திறந்து அச்சு எடுத்தேன். சேஸிஸ் எண் சரியாக இருக்கிறது. ஆனால் என்ஜின் எண் புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை! எண்பதுகளில் வேறொரு ஹெரால்டிலிருந்து என்ஜின் எடுத்து மாற்றியதாக உம்மா சொல்கிறார்கள். எல்லாம் போயிற்றா?

பழைய கோப்புக்காரர்
பதற வேண்டாம். என்ஜின் மாற்றினால் ஆர்.சி.யில் மேலெழுத்து, அதாவது அலுவலக முத்திரையுடன் மாற்றக் குறிப்பு, போட வேண்டும். அப்போதே போட்டிருக்கலாம். புத்தகத்தின் பின்பக்கங்களைப் பார்த்தீர்களா?

கீழக்கரையான்
கடைசி இரண்டு தாள்கள் ஈரத்தில் ஒட்டிப்போயிருந்தன. உம்மா இட்லிக் கொப்பரை ஆவியில் காட்டி மெல்லப் பிரித்தார்கள். 1984, ஊதா முத்திரை, கலங்கிய மையில் புதிய என்ஜின் எண். என் பென்சில் அச்சோடு ஒவ்வொரு இலக்கமாக வைத்துப் பார்த்தேன், அதே எண். திங்கட்கிழமை இராமநாதபுரம் போகிறேன், பஸ்ஸில்தான்.