புதுப்பிப்பு: ஜியோசர்வர் லேயர்கள் க்யூஜிஐஎஸ்ஸில் வராத பிரச்சினை தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. வரைபடங்களை இணையத்தில் வழங்கும் ஜியோசர்வர் மென்பொருளை வெளி ஹோஸ்டிங்குக்கு மாற்றி, முன்னால் ப்ராக்ஸி (கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் இடைச் சர்வர்) வைத்து எச்டிடிபிஎஸ் போட்ட பிறகு, க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் டபிள்யூஎம்எஸ் (வரைபடத்தைப் படமாக அனுப்பும் இணையச் சேவை) லேயர் பட்டியல் வருகிறது, படம் மட்டும் வரவில்லை என்று கேட்டிருந்தேன்.

கெட்கேபபிலிட்டீஸ் பதிலை (சர்வர் தன் லேயர்களையும் முகவரிகளையும் சொல்லும் பட்டியல்) திறந்து பாருங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. அதில் கெட்மேப் முகவரி, அதாவது படத்தைக் கேட்க வேண்டிய முகவரி, ‘லோக்கல்ஹோஸ்ட்:8080’ (கேட்கும் கணினியையே குறிப்பது) என்றே இருந்தது. ஜியோசர்வரின் குளோபல் செட்டிங்ஸில் ப்ராக்ஸி பேஸ் யூஆர்எல்லாக வெளி முகவரியைக் கொடுத்ததும் படம் வந்துவிட்டது. 8080 போர்ட்டை வெளியே திறந்துவிடும் யோசனையை எடுக்கவில்லை. அந்த வழியில் எச்டிடிபிஎஸ் இல்லாததால் கடவுச்சொல் மறையாக்கப்படாமலேயே பயணிக்கும், அது வேண்டவே வேண்டாம்.

எதிர்பாராத ஒன்று: வெளி முகவரி வழியாக நிர்வாகப் பக்கத்துக்குப் போனால் எதைச் சேமித்தாலும் பிழை. டொமைன் பெயரை சிஎஸ்ஆர்எஃப் ஒயிட்லிஸ்ட்டில் (போலிக் கோரிக்கைகளைத் தடுக்கும் பாதுகாப்பு அனுமதிக்கும் டொமைன்களின் பட்டியல்) சேர்த்ததும் அதுவும் சரியானது. சர்வரில் கைவைக்க முடியாதவர்கள், க்யூஜிஐஎஸ் இணைப்பு அமைப்பில் சர்வர் சொல்லும் கெட்மேப் முகவரியைப் புறக்கணிக்கும் பெட்டியை டிக் செய்து பார்க்கலாம்.